குடலில் தயாராகும் கண் மருந்து

சர்க்கரை நோயால் பார்வை மங்கி வந்தவரிடம் "கண்ணுக்குள்ள ஊசி போடணும்" என்று டாக்டர் சொன்னால், முதலில் வரும் கேள்வி "வலிக்குமா?" என்பதுதான். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள், வலி பெரிதாக இராது என்று சமாதானம் சொல்லிவிடலாம். அடுத்த கேள்விதான் சிக்கலானது. "எத்தனை ஊசி?" ஒன்றோடு முடிவது அபூர்வம். ஆரம்பத்தில் மாதம் ஒன்று, பிறகு கண்ணின் நிலையைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் போகும். ஒவ்வொரு முறையும் மருந்துச் செலவு, பஸ் செலவு, துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு நாள் லீவு. பாதியில் நின்றுவிடுபவர்கள் நிறைய.

இந்த ஊசிக்குப் பதிலாக, அல்லது ஊசி தேவைப்படும் நிலை வருவதற்கு முன்பே, வாய் வழியாக ஒரு பாக்டீரியாவைக் கொடுத்துக் கண்ணைக் காப்பாற்ற முடியுமா? அமெரிக்காவில் சில ஆய்வுக்கூடங்கள் சில ஆண்டுகளாக இந்தக் கேள்வியின் பின்னால் போய்க்கொண்டிருக்கின்றன. எலிகளில் கிடைத்திருக்கும் பதில் "முடியும்" என்பது. மனிதர்களுக்கான பதில் இனிதான் வர வேண்டும். ஆனால், இதற்குள் அவர்கள் கண்டுபிடித்த சில விஷயங்கள், சர்க்கரை நோயையும் கண்ணையும் நாம் புரிந்துகொண்டிருந்த விதத்தையே கொஞ்சம் அசைத்துப் பார்க்கின்றன.

கண்ணில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக ஓடும்போது அந்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் சாகின்றன. சுவர் பலவீனமாகி ஆங்காங்கே குமிழ் போல உப்புகிறது, நீர் கசிகிறது. சில குழாய்கள் அடைபட்டு வெறும் கூடாகிவிடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அப்படி அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் உறுதியில்லாதவை. அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், தழும்பாகி விழித்திரையையே பிய்த்துக்கொண்டு வரும். இதில் கொடுமை, ரொம்ப தூரம் போகும்வரை நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. பேப்பர் படிக்க முடிகிறது, வண்டி ஓட்ட முடிகிறது. கண்ணுக்கு என்ன குறை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். நாற்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளிடையே பல மாநிலங்களில் நடத்தப்பட்டு 2022-ல் வெளிவந்த ஸ்மார்ட் இந்தியா ஆய்வு, நூற்றுக்கு 12.5 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதாகவும், நூற்றுக்கு 4 பேருக்கு அது பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் இருப்பதாகவும் சொன்னது. சென்னையில் சங்கர நேத்ராலயா முன்பு நடத்திய கணக்கெடுப்பில் சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு தெரிந்தது.

இவர்களுக்கு இன்று இருக்கும் சிகிச்சைகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1970-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், முற்றிய நிலையில் லேசர் வைத்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்று உறுதியானது. 1989-ல் நெப்போலியோனே ஃபெராரா விஇஜிஎஃப் புரதத்தைப் பிரித்தெடுத்ததில் தொடங்கிய பாதை, இன்று கண்ணுக்குள் போடும் ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட் ஊசிகளில் வந்து நிற்கிறது. விலை குறைவு என்பதால் புற்றுநோய்க்கான பெவசிசுமாப் மருந்தையே கண்ணுக்கும் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் லேசரோ ஊசியோ, பாதிப்பு பெரிதாகித் தெரிந்த பிறகு வருபவை. ஆரம்ப நிலையில் டாக்டர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சுகரை கன்ட்ரோல்ல வையுங்க, வருஷா வருஷம் வந்து காட்டுங்க."

இந்த இடைவெளியில்தான் ஏசிஇ-2 வருகிறது. கொரோனா காலத்தில் இந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு, வைரஸ் நுரையீரலுக்குள் நுழையப் பயன்படுத்திய வாசல் என்று நினைவிருக்கலாம். வைரஸுக்கு வழிவிடுவதற்காக அது படைக்கப்படவில்லை. 2000-ல் அடையாளம் காணப்பட்ட இந்த நொதியின் சொந்த வேலை வேறு. நம் உடலில் ரத்த அழுத்தத்தையும் உப்பையும் கவனித்துக்கொள்ள ரெனின்-ஆஞ்சியோடென்சின் என்றொரு ஏற்பாடு உண்டு. அதில் ஏசிஇ என்ற நொதி ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோனை உண்டாக்கும். அது குழாய்களைச் சுருக்கும், அழற்சியைத் தூண்டும். ஏசிஇ-2 அதே ஆஞ்சியோடென்சின்-2-ஐப் பிடித்து, ஆஞ்சியோடென்சின் 1-7 என்ற சிறு புரதத்துண்டாக மடைமாற்றிவிடுகிறது. இந்தத் துண்டு செய்வது நேரெதிர் வேலை: குழாய்களை விரிக்கும், அழற்சியைத் தணிக்கும். சர்க்கரை நோயில் முதல் பக்கத்தின் கை ஓங்கிவிடுகிறது. விழித்திரைக்குள்ளேயே இந்த ஏற்பாடு தனியாக இயங்குகிறது என்பதால் பாதிப்பு அங்கேயும் விழுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. டைப்-1 சர்க்கரை உள்ள, ரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களிடம் எனலாப்ரில், லோசார்டன் மாத்திரைகளைச் சோதித்து 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விழித்திரை பாதிப்பு முற்றும் வாய்ப்பு எனலாப்ரில் எடுத்தவர்களுக்கு 65 சதவீதமும், லோசார்டன் எடுத்தவர்களுக்கு 70 சதவீதமும் குறைந்திருந்தது. வீட்டில் பலர் பிரஷருக்காகப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள்தான் இவை. கெட்ட பக்கத்தை அடக்குவது அவற்றின் வேலை. நல்ல பக்கத்தை வலுப்படுத்தினால் என்ன ஆகும்?

புளோரிடா பல்கலைக்கழகத்தில் சியூஹாங் லீ, அம்ரிஷா வர்மா, மோகன் ரெய்சாதா ஆகியோர் இருந்த குழு முதலில் செய்தது மரபணு சிகிச்சை. தீங்கில்லாத ஒரு வைரஸில் ஏசிஇ-2 மரபணுவை ஏற்றி, சர்க்கரை நோயுள்ள எலிகளின் கண்ணுக்குள்ளேயே செலுத்தினார்கள். 2012-ல் முடிவு வந்தது. விழித்திரைக் குழாய்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தன. கருத்து சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் கண்ணுக்குள் ஊசி என்ற தொல்லை அப்படியே இருந்தது. ஏசிஇ-2 புரதத்தை அப்படியே விழுங்கினால் வயிறு அதைச் சாம்பாரில் போட்ட பருப்பைப் போலச் செரித்துவிடும். ரத்தத்தில் ஏற்றினாலோ வெகு நேரம் தங்காது. தினமும் தயாரித்துத் தினமும் அனுப்பக்கூடிய ஓர் ஏற்பாடு உடலுக்குள்ளேயே வேண்டும்.

அதற்கு அவர்கள் பிடித்த ஆள் லாக்டோபேசில்லஸ் பாராகேசி. புளித்த பால் பொருள்களிலும் மனிதக் குடலிலும் சாதாரணமாகக் காணப்படும் பாக்டீரியா, புரோபயாட்டிக் பானங்களில் சேர்க்கப்படும் இனம். சாதுவானது. இதற்குள் மனித ஏசிஇ-2 மரபணுவை வைத்தார்கள். பாக்டீரியா புரதத்தைத் தயாரித்துவிடும், சரி. அந்தப் பெரிய புரதம் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது எப்படி?

இங்கேதான் இந்தக் கதையின் ரசமான திருப்பம். காலரா கிருமியின் நச்சுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஆளைக் கொல்லும் பகுதி. இன்னொன்று, பி என்று பெயர் பெற்ற பகுதி, தானாக எந்தத் தீங்கும் செய்யாது. குடல் செல்களின் மேலே உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, கூட்டாளியை உள்ளே இழுத்துச் செல்வதுதான் அதன் வேலை. ஆய்வாளர்கள் கொல்லும் பகுதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஏசிஇ-2-ஐ ஒட்டவைத்தார்கள். ஒரு காலத்தில் ஊர் ஊராக மனிதர்களைக் காவு வாங்கிய கிருமியின் நுழைவுத் தந்திரம், மருந்தை உள்ளே கொண்டுசேர்க்கும் வண்டியாகிவிட்டது.

இந்தப் பாக்டீரியாவை எலிகளுக்குத் திரும்பத் திரும்ப வாய் வழியாகப் புகட்டினார்கள். இரண்டு வகை எலிகள். அவற்றில் ஒன்று ஜப்பானின் அகிதா நகரத்தின் பெயரைத் தாங்கிய அகிதா எலி. இன்சுலின் மரபணுவிலேயே பிழை இருப்பதால் இதற்குச் சிறு வயதிலேயே சர்க்கரை வந்துவிடும். 2019-ல் வெளியான முடிவுகளின்படி, எலிகளின் ரத்தத்தில் ஏசிஇ-2-இன் செயல்பாடும் ஆஞ்சியோடென்சின் 1-7-இன் அளவும் கூடின. விழித்திரையில் நுண்குழாய்களின் இழப்பு குறைந்தது, அழற்சியும் தணிந்தது. ஏசிஇ-2-க்குப் பதிலாக நேரடியாக ஆஞ்சியோடென்சின் 1-7-ஐத் தயாரிக்கும் பாக்டீரியாவும் விழித்திரையைக் காக்கிறது என்று அடுத்த ஆண்டே காட்டினார்கள்.

இதுவரை கேட்டால், பாக்டீரியா ஒரு கூலியாள் மட்டும்தான். மருந்தைத் தயாரித்து ரத்தத்தில் சேர்க்கிறது, ரத்தம் அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் மரியா கிரான்ட் தலைமையிலான கண் ஆய்வுக் குழுவுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. ஏசிஇ-2 உடலில் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று சிறுகுடல். கண்ணின் பிரச்சினையில் குடலுக்கே ஒரு பங்கு இருக்குமோ?

அந்தச் சந்தேகத்துக்கு முன்கதை உண்டு. அவரும் எலெனி பெலியும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயுள்ள எலிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டார்கள். மாதக்கணக்கில். எலிகளின் சராசரிச் சர்க்கரையில் மாற்றமில்லை. ஆனாலும் விழித்திரை பாதிப்பு குறைந்தது. மாறியிருந்தது குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கலவை. அதோடு சேர்ந்து, கண்ணைப் பாதுகாக்கும் ஒரு பித்த அமிலத்தின் அளவும் ரத்தத்தில் கூடியிருந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் அப்படிச் செய்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும்.)

2023-ல் ராம் பிரசாத்தும் மரியா கிரான்ட்டும் அடங்கிய குழு வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் இதுவரை வந்தவற்றில் கவனமாகப் படிக்க வேண்டியது. முதலில் மனிதர்களைப் பார்த்தார்கள். டைப்-1 சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில், குடல் சுவர் கசிகிறது என்பதைக் காட்டும் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. அவற்றில் ஒன்று பெப்டிடோகிளைக்கன், அதாவது பாக்டீரியாக்களின் மேலோட்டுத் துணுக்குகள். குடலுக்குள் கிடக்க வேண்டியது ரத்தத்தில் மிதந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் சும்மா இருக்குமா? எதிரி நுழைந்துவிட்டான் என்று உடல் முழுக்க அழற்சியைக் கிளப்பும். இந்தக் கசிவு எவ்வளவு அதிகமோ, ஆஞ்சியோடென்சின்-2-உம் அவ்வளவு அதிகம், கண் பாதிப்பும் அவ்வளவு கடுமை.

பிறகு அகிதா எலிகள். ஒரு கூட்டத்துக்கு, கண் கெடும் முன்பே ஏசிஇ-2 பாக்டீரியாவைக் கொடுக்கத் தொடங்கினார்கள். குடல் சுவர் உறுதியாக இருந்தது, சர்க்கரையின் அளவும் மேம்பட்டது, கண் பாதிப்பு தள்ளிப்போனது. இதில் ஆச்சரியமில்லை, சர்க்கரை குறைந்தால் கண் தப்பும் என்பது தெரிந்ததுதானே. டைப்-1 நோயாளிகளிடம் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது என்று 1993-லேயே அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று நிரூபித்துவிட்டது.

இன்னொரு கூட்டத்துக்கு, நோய் வந்த பிறகு தாமதமாகக் கொடுத்தார்கள். இவற்றில் சர்க்கரை குறையவில்லை. குடல் சுவர் சீரானது. விழித்திரை பாதிப்பும் பின்வாங்கியது. சர்க்கரை அப்படியே இருக்க, கண் மட்டும் தேறியது என்றால், கண் கெடுவதற்குச் சர்க்கரை மட்டும் காரணமில்லை, குடலிலிருந்து கிளம்பும் அழற்சிக்கும் பங்கு உண்டு என்று ஆகிறது. இத்தனை ஆய்வுகளிலும் நிலைத்து நிற்கப்போகும் கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். நாளை இந்தப் பாக்டீரியா மருந்தாக வராமலே போகலாம். குடலுக்கும் விழித்திரைக்கும் இடையே இருக்கும் இந்தப் பாதையை இனி யாராலும் ஒதுக்கிவிட முடியாது.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2021-ல் டைப்-2 நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்களைக் கணக்கெடுத்தார்கள். ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், சர்க்கரை உள்ளவர்களிடமும் விழித்திரை பாதிப்பு உள்ளவர்களிடமும் அழற்சியைத் தணிக்கும் வகைகளும் புரோபயாட்டிக் வகைகளும் குறைந்து காணப்பட்டன. காரணமா, விளைவா என்று இந்த மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து முடிவுகட்ட முடியாது. சாப்பாடு, மெட்ஃபார்மின் மாத்திரை, வயது எல்லாமே குடல் பாக்டீரியாக்களை மாற்றக்கூடியவை.

'புரோபயாட்டிக்' என்ற சொல் காதில் விழுந்ததும் தயிர்க் கிண்ணம் ஞாபகத்துக்கு வருவது இயல்பு. வாட்ஸ்அப்பில் "கண் பார்வைக்குப் புளித்த தயிர்" என்று ஒரு செய்தி சுற்றத் தொடங்கினால் ஆச்சரியப்படுவதற்கில்லை. தயிரோ, பழைய சோறோ, இட்லி மாவோ உடம்புக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு புளித்த தயிரிலும் மனித ஏசிஇ-2 மரபணு இருக்காது. மேற்கண்ட ஆய்வுகளில் வேலை செய்தது அந்த மரபணு. மருந்துக்கடையில் விற்கும் புரோபயாட்டிக் காப்ஸ்யூல்களுக்கும் இதே பதில்தான்.

'மரபணு மாற்றிய பாக்டீரியாவை விழுங்குவதா?' என்று முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். சர்க்கரை நோயாளிகள் அந்தக் கோட்டை ஏற்கெனவே பாதி தாண்டிவிட்டார்கள். 1982 முதல் சந்தையில் இருக்கும் மனித இன்சுலின், மரபணு மாற்றிய ஈ. கோலை பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்பட்டதுதான். அங்கே பாக்டீரியா தொழிற்சாலைத் தொட்டியில் வளர்ந்தது, சுத்திகரித்த புரதம் மட்டும் குப்பியில் வந்தது. இங்கே தொட்டியின் இடத்தில் குடல். அந்த வித்தியாசம் சிறியதல்ல. தொட்டியில் எவ்வளவு மருந்து சுரந்தது என்று அளக்கலாம். குடலில் உங்களுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று யார் அளப்பது?

உயிருள்ள பாக்டீரியாவையே மருந்தாக்கும் முயற்சி கால் நூற்றாண்டு பழையது. அந்த வரலாறு உற்சாகத்துக்கு ஒரு கடிவாளம் போடுகிறது. 2000-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் லோதர் ஸ்டைட்லரின் குழு, பாலாடைக்கட்டி செய்யப் பயன்படும் லாக்டோகாக்கஸ் பாக்டீரியாவை அழற்சி தணிக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கும்படி மாற்றி, எலிகளின் குடல் புண்ணை ஆற்றியது. 2006-ல் கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயுள்ள 10 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதுகாப்புக்கு ஓர் அழகான ஏற்பாடும் செய்திருந்தார்கள். தைமிடின் என்ற பொருளைத் தானே தயாரிக்கும் மரபணுவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மருந்து மரபணுவை வைத்தார்கள். உடலைவிட்டு வெளியே வந்தால் தைமிடின் கிடைக்காமல் பாக்டீரியா செத்துவிடும். பாதுகாப்பில் பாஸ். ஆனால் அடுத்து நடந்த பெரிய சோதனையில் நோய் தணிந்ததற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

சின்லாஜிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையும் இதே ரகம். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய்க்காக அது உருவாக்கிய பாக்டீரியா மூன்றாம் கட்டச் சோதனைவரை போனது. இந்தத் துறையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்த்திருந்தது. வெற்றி வாய்ப்பில்லை என்று 2024 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். டைப்-1 சர்க்கரையையே குறிவைத்து, இன்சுலினின் முன்வடிவத்தையும் அழற்சி தணிக்கும் புரதத்தையும் சேர்த்துச் சுரக்கும் லாக்டோகாக்கஸ் காப்ஸ்யூல் ஒன்று மனிதர்களிடம் சிறிய அளவில் சோதிக்கப்பட்டு, பாதுகாப்பானது என்று தெரிந்திருக்கிறது. நோயை அது மாற்றுமா என்பது பெரிய சோதனைகளின் கையில்.

கண் விஷயத்தில் கூடுதலாக ஒரு சங்கடம். எலியின் விழித்திரையில் மேக்குலா கிடையாது. நாம் எழுத்தைப் படிக்க, முகத்தை அடையாளம் காண உதவும் அந்த நடுப்புள்ளி வீங்குவதுதான் சர்க்கரை நோயாளிகள் பார்வை இழக்கும் முக்கியக் காரணம். இல்லாத உறுப்பின் வீக்கத்தை எலியில் எப்படிச் சோதிப்பது? கண்ணுக்குள் ரத்தம் கொட்டும் முற்றிய நிலையும் சர்க்கரை எலிகளில் பொதுவாக வருவதில்லை. ஆக, எலிகள் சொல்வது ஆரம்பக் கட்டத்தைப் பற்றி மட்டும். போதாததற்கு அகிதா எலிக்கு வருவது டைப்-1 போன்ற சர்க்கரை. இந்தியாவில் பெரும்பாலானோருக்கு இருப்பதோ டைப்-2. ஏற்கெனவே லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஏசிஇ-2-உம் சேர்ந்தால் ரத்த அழுத்தம் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் மனிதர்களிடம்தான் பார்க்க வேண்டும். பாக்டீரியாவுக்குள் புது மரபணுவை ஏற்றும்போது அடையாளத்துக்காக ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணு ஒன்றையும் சேர்ப்பது ஆய்வுக்கூட வழக்கம். மருந்தாக வெளியே வரும் பாக்டீரியாவில் அது இருக்கக் கூடாது, குடலில் உள்ள மற்றக் கிருமிகளுக்கு அது கைமாறிவிடக்கூடும். இந்தியாவில் இப்படிப்பட்ட உயிரிகளை 1989-ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. மருந்துக்கான அனுமதி ஒரு பக்கம், மரபணு மாற்றிய உயிரிக்கான அனுமதி இன்னொரு பக்கம் என்று இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும்.

விழித்திரை பாதிப்பு மெதுவாக வளரும் நோய். ஒரு மருந்து அதைத் தடுக்கிறது என்று நிரூபிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு அண்மையில் ஓர் உதாரணம் கிடைத்தது. ஃபீனோஃபைப்ரேட் என்பது ரத்தக் கொழுப்புக்காகப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும், விலை குறைந்த மாத்திரை. ஆரம்ப நிலைக் கண் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது உதவுமா என்று ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் சோதித்தார்கள். நாடு முழுக்கச் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து வைக்கும் அரசுத் திட்டம் அங்கே இருப்பதால்தான் அது சாத்தியமானது. சராசரியாக நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பு முற்றும் வாய்ப்பு 27 சதவீதம் குறைந்திருந்தது. பல்லாண்டு பழகிய மாத்திரைக்கே இத்தனை பேர், இத்தனை காலம். ஏசிஇ-2 பாக்டீரியா முதலில் ஆரோக்கியமான சிலரிடம் பாதுகாப்பைக் காட்டி, பிறகு நோயாளிகளிடம் அளவைத் தீர்மானித்து, அதற்கப்புறம்தான் இப்படியொரு சோதனையின் வாசலுக்கே வர முடியும்.

அந்தச் சோதனைக்கு ஆள் சேர்க்க, ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகள் வேண்டும். கண் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளியது: டைப்-2 என்றால் சர்க்கரை தெரிந்த உடனே ஒரு முறை, டைப்-1 என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை. கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை ஏற்கெனவே இருந்தால் ஆரம்ப மாதங்களிலேயே. இந்தப் பரிசோதனையில் எடுக்கும் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை கூகுள் 2016-ல் அறிவித்தபோது, அதைப் பழக்கிய படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனது. படம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும்.